வழிகாட்டியின் பெயர்

'வழிகாட்டி' என்ற சொல் தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனாலும் ஆர்க்டிக் நிலத்தின் வழிகாட்டி என்றதும் நம் மனத்தில் வந்து நிற்பவர் தாடி வைத்த ஓர் ஆண்தான். இன்று கோடைதோறும் அந்த வடதிசை நிலங்களில் நடக்கப் பயணிகள் செல்கிறார்கள். வழி தெரிந்த ஒருவர் முன்னே நடக்கிறார். இப்படிப்பட்ட நடைகளின் பழைய பதிவுகளைத் தேடியபோது நான் கண்டது ஒரு பெண்ணை.

தனடெல்தூர், கனடாவின் வடபகுதியைச் சேர்ந்த டெனே இனப் பெண். 1713இல் கிரீ இனத்தவரிடம் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு தப்பி, ஹட்சன் விரிகுடாக் கரையிலிருந்த யார்க் வணிகக் கோட்டையை அடைந்தார். ஹட்சன் பே கம்பெனியின் ஆளுநர் ஜேம்ஸ் நைட், டெனே மக்களுடன் விலங்குத்தோல் வணிகம் செய்ய விரும்பினார். கிரீ–டெனே பகை குறுக்கே நின்றது. சமாதானம் பேச 1715 ஜூனில் கம்பெனி ஊழியர் வில்லியம் ஸ்டூவர்ட்டும் சுமார் 150 கிரீ மக்களும் புறப்பட்டார்கள். மொழிபெயர்ப்பாளரும் வழிகாட்டியும் தனடெல்தூர்.

கோடையில் தொடங்கிய நடை குளிர்காலத்துக்குள் நீண்டது. மரங்களற்ற வெளியில் உணவு தீர்ந்தது, நோய் கண்டது, கூட்டம் சிதறியது. எஞ்சியவர்களைப் பத்து நாள் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவர் தம் மக்களைத் தேடிப் போனார். தொண்டை கட்டும்வரை பேசி அவர்களை இணங்கவைத்தார். பத்தாம் நாள் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் திரும்பிவந்தார். சமாதானம் ஏற்பட்டது. 1717 பிப்ரவரியில் நோயுற்று இறந்தார். அதே ஆண்டு கம்பெனி சர்ச்சிலில் புதிய வணிக நிலையத்தைத் தொடங்கியது.

நைட்டின் குறிப்பேடு அவரைப் புகழ்கிறது. ஆனால் 'அடிமைப் பெண்' என்றே எழுதுகிறது.

அரை நூற்றாண்டுக்குப் பின் அதே கம்பெனியின் சாமுவேல் ஹெர்ன், காப்பர்மைன் ஆற்றைத் தேடி நடந்து இருமுறை தோற்றார். பெண்களை அழைத்துச் செல்லாததே காரணம் என்று டெனே தலைவர் மடோனபி சொன்னதாக ஹெர்ன் எழுதுகிறார். ஒரு பெண் இரண்டு ஆண்களின் சுமையைத் தூக்குவாள், கூடாரம் அடிப்பாள், உடை தைப்பாள். பஞ்ச காலத்தில் சமைக்கும் விரலை நக்கியே உயிர் வாழ்வாள். இது மடோனபி போட்ட கணக்கு. அவருடைய மனைவியரும் உடன்வர, 1770 டிசம்பரில் மூன்றாம் பயணம் தொடங்கியது. வழியில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 52 மணி நேரம் பிரசவ வலி. குழந்தை பிறந்ததுமே கூட்டம் கிளம்பியது. சிசுவை முதுகில் சுமந்து அவளும் நடந்தாள். 1771 ஜூலையில் ஹெர்ன் ஆர்க்டிக் கடலைக் கண்டார். கண்டுபிடித்தவர் என்று வரலாறு அவரைச் சொல்கிறது. அந்தத் தாயின் பெயர் அவர் நூலில் இல்லை.

தனடெல்தூரின் பெயர் நமக்குக் கிடைத்தது டெனே மக்களின் வாய்மொழிக் கதைகளால். கம்பெனியின் ஏடு விட்டதை மக்களின் நினைவு விடவில்லை. ஆகவே மாணவியரே, எந்தப் பயணநூலைத் திறந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் சமைத்தார்கள்? யார் சுமந்தார்கள்? வழி யாருக்குத் தெரிந்திருந்தது?