நடிகவேள் இராதாவும் நம் இளைஞரும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் இம்மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமெனப் பணித்தபோது, அரசர் வரலாறோ அறிஞர் வரலாறோ எழுதுவோம் என்றே அன்பர்கள் எதிர்பார்த்திருப்பர். நாம் எடுத்துக்கொண்டதோ ஒரு நடிகரின் வரலாறு. அவர் நம் சமூகத்திற் பிறந்தவர் அல்லர். கல்லூரி வாயிலை மிதித்தவரும் அல்லர். ஆயினும் கற்று முன்னேறத் துடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் மேடையில் விட்டுச்சென்ற எச்சரிக்கை ஒன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

பூவிருந்தவல்லியிலிருந்து சென்ட்ரல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வேப்பேரிப் பகுதியில் பெரியார் திடல் அமைந்துள்ளது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை என்று நம் முன்னோர் வழங்கிய அச்சாலை இன்று பெரியாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அத்திடலில் 1963ஆம் ஆண்டில் எழுந்த மன்றத்துக்குத் தந்தை பெரியார் சூட்டிய பெயர் ‘இராதா மன்றம்’ என்பதாகும். வாழும் நாளிலேயே ஒரு நாடக நடிகருக்கு இத்தகைய சிறப்புக் கிடைத்ததெனில், அவர் செய்த தொண்டு யாது என நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

நாடகமே பள்ளி

எம்.ஆர். இராதா 1907ஆம் ஆண்டில் சென்னை சிந்தாதிரிப்பேட்டையிற் பிறந்தார். தந்தையார் இராணுவத்திற் பணியாற்றி முதல் உலகப் போரில் உயிர் நீத்தவர். இளமையில் ஒருநாள் உணவின்போது, தமக்கு மீன் துண்டு குறைவாகக் கிடைத்ததென்று தாயாரோடு பிணங்கி, வீட்டை விட்டு வெளியேறினார் சிறுவர் இராதா. எழும்பூர் இரயில் நிலையத்தில் திரிந்துகொண்டிருந்த அவரை, ஆலந்தூர் டப்பி ரெங்கசாமி நாயுடு என்பவர் தம் நாடகக் குழுவுக்கு அழைத்துச் சென்றார். ஒரு மீன் துண்டில் தொடங்கியது அவரது கலை வாழ்வு.

அக்காலத்தில் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று வழங்கிய சிறுவர் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று நடித்தன. ஏழைச் சிறுவர்க்கு அங்குச் சோறு கிடைத்தது. பாட்டும் வசனமும் அடியும் உடன் கிடைத்தன. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என வேடங்கள் பகுக்கப்பட்டிருந்தன. இராதா ஜெகந்நாதையர் குழுவிற் பல ஆண்டுகள் பயின்றார். நடிப்போடு மின்சார வேலை, மோட்டார் வேலை ஆகியவற்றையும் கற்றுத் தேர்ந்தார். ஏட்டுக் கல்வி வாய்க்காத பலருக்கு இத்தகைய குழுக்களே பள்ளியாய் விளங்கின.

1937ஆம் ஆண்டில் ‘இராஜசேகரன்’ என்னும் படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார். சில படங்களில் நடித்தபின் மீண்டும் மேடைக்கே திரும்பிவிட்டார். சுயமரியாதைக் கொள்கையைத் தழுவி அவர் நடத்திய நாடகங்கள் தமிழகத்தைக் கலக்கின. கலைஞர் கருணாநிதி எழுதிய ‘தூக்குமேடை’ அவற்றுள் ஒன்று. ‘கலைஞர்’ என்னும் பட்டமே அந்நாடகத்தின்போது இராதா வழங்கியது என்பர்.

இரத்தக்கண்ணீர்

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘இரத்தக்கண்ணீர்’ நாடகத்தை இராதா ஆயிரக்கணக்கான முறை மேடையேற்றினார். 1954ஆம் ஆண்டில் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று.

கதையின் நாயகன் மோகன் செல்வன். வெளிநாட்டிற் படித்துத் திரும்பியவன். ஊர்ப் பழக்கம் அவனுக்கு இழிவு, தாய் இழிவு, கட்டிய மனைவி சந்திராவும் இழிவு. காந்தா என்னும் கணிகையின் வீடே கதியென்று கிடக்கிறான். பெற்றவள் இறந்தபோதும் அவன் வந்தானல்லன். பின்னர்த் தொழுநோய் அவனைப் பற்றுகிறது. செல்வமும் சுற்றமும் நீங்க, தெருவில் வீழ்கிறான். இறுதியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கே மணம் முடித்து வைக்கிறான். தன் உருவத்தைச் சிலையாக்கி, பிறர்க்குப் பாடமாக நிறுத்துமாறு வேண்டி மறைகிறான்.

நாம் சிறுவராய் இருந்த காலத்தில் ஆவடிப் பகுதித் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் கூம்பு ஒலிபெருக்கியில் இப்படத்தின் கதைவசனம் முழங்கும். அந்தக் கரகரத்த குரல் எழுந்ததும், சூளையிலிருந்து திரும்பிய பெரியவர்கள் திண்ணையிற் சாய்ந்தபடி, அடுத்த வசனத்தைத் தாமே முன்கூட்டிச் சொல்லிச் சிரிப்பார்கள். எழுத்தறியாத அவர்கள் முழு நாடகத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பிறர் தீண்ட அஞ்சி விலகும் ஒருவன், விலகுவோரைப் பார்த்தே எள்ளி நகைப்பதைக் கேட்கையில் அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு தோன்றும். அதன் காரணம் நமக்கு அப்போது விளங்கவில்லை, பின்னர் விளங்கிற்று.

ஈண்டு எம் சொந்தக் குறை ஒன்றை ஒளிக்காமற் கூறவேண்டும். எம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி சென்றவர் நாமே. ஒருநாள் எம் அன்னையார் சூளை வேலையை முடித்த கையோடு, செம்மண் படிந்த சேலையுடன், தூக்குச் சட்டியில் குழம்புச் சோறு எடுத்துக்கொண்டு விடுதி வாயிலுக்கு வந்துவிட்டார். உடனிருந்த மாணவர், “யார் அவர்?” என வினவினர். “எங்கள் ஊர்க்காரர்” என்று விடையிறுத்தோம். அன்னையார் அதனைக் கேட்டார். ஒன்றும் கூறாது, சட்டியைக் கையிற் கொடுத்து, “சூடாறுமுன் சாப்பிடு, தம்பி” என்று மட்டும் சொல்லித் திரும்பினார். அவ்வாண்டுத் திருவிழாவில் மோகனின் குரல் ஒலித்தபோது நம்மாற் சிரிக்க இயலவில்லை. வெளிநாடு சென்றால்தான் மோகன் ஆகவேண்டும் என்பதில்லை. பத்துக் கல் தொலைவிலுள்ள கல்லூரிக்குச் சென்றாலும் ஆகிவிடலாம்.

அக்கதையிற் பிழையும் உண்டு. தொழுநோய் ஒழுக்கக்கேட்டின் தண்டனை அன்று. அது ஒரு நுண்ணுயிரியால் வருவது என்பதை 1873ஆம் ஆண்டிலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்தார். 1981ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே முற்றும் குணப்படுத்தலாம். ஒதுக்கப்பட்ட வரலாறுடைய நாம் நோயாளியை ஒதுக்கலாகாது.

சட்டமும் மேடையும்

இராதாவின் நாடகங்களுக்கு எதிர்ப்பு மிகுந்தது. இராமாயணத்தை விமரிசித்து அவர் நாடகம் நடத்தியபோது, மனம் புண்படும் என்போர் வரவேண்டாம், அவர்தம் பணமும் வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தார் என்பர். 1876ஆம் ஆண்டில் வெள்ளையர் அரசு கொணர்ந்த நாடகச் சட்டத்தின் வழியில், 1954ஆம் ஆண்டில் சென்னை மாகாணமும் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. நாடகப் பிரதியைக் காவல் துறைக்குக் காட்டி இசைவு பெறும் நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இதழாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013 சனவரியிற் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. நம் ஆண்டு விழாவில் இளைஞர்கள் நாடகம் போடும்போது இவ்வரலாற்றை நினைவிற் கொள்க.

திரையும் கறையும்

‘இரத்தக்கண்ணீ’ருக்குப் பின் குணச்சித்திரம், வில்லன், நகைச்சுவை என மூன்றையும் ஒரே குரலில் இழைத்தார் இராதா. ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தின் ஆளவந்தாரை வெறுக்காதார் இலர். ‘பலே பாண்டியா’வில் (1962) அவர் ஏற்ற இரு வேடங்களைக் கண்டு நகையாதாரும் இலர்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் கறையை மறைத்தல் கூடாது. 1967 சனவரி 12 அன்று எம்.ஜி.ஆரின் இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. எம்.ஜி.ஆர் கழுத்திற் குண்டு பாய்ந்தது. அவரது குரலே பின்னர் மாறிற்று. இராதாவும் காயமுற்றார். நீதிமன்றம் இராதாவுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1971ஆம் ஆண்டில் விடுதலையாகி மீண்டும் மேடையேறினார். ‘வண்டிக்காரன் மகன்’ (1978) முதலிய படங்களிலும் தோன்றினார். ஒரு கணத்துச் சினம் ஒரு பெருங்கலைஞனின் நான்கு ஆண்டுகளைத் தின்றது. போற்றத்தக்கதைப் போற்றுவோம், தவறைத் தவறென்றே கூறுவோம்.

1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் இராதா மறைந்தார். பெரியார் பிறந்து சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது.

நமக்குரிய பாடம்

இளைஞர்களே! நம் சங்கம் நடத்தும் மாலைப் பள்ளியிற் படித்தோர் பலர் இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். மேலும் பலர் கடல் கடந்தும் செல்லவிருக்கின்றனர். செல்லுங்கள், உயருங்கள். அன்றொரு நாள் நாம் செய்ததை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். உம் அன்னை எந்தச் சேலையில் வந்தாலும், “இவர் என் தாய்” என்று உரக்கச் சொல்லுங்கள். கற்ற கல்வி அந்த ஒரு சொல்லைச் சொல்லும் துணிவைத் தரவில்லையெனில், மோகனின் சிலை நமக்காகவே நிற்கிறது என்று பொருள்.