பிட் பைக்கும் மீன்கார மொபெட்டும்

போன வாரம் எங்கள் வகுப்பில் நாலு பேர் காசு போட்டு ஒரு பழைய டிவிஎஸ் 50 வாங்கிவிட்டார்கள். அதைப் பிரித்து மேய்ந்து 'பிட் பைக்' ஆக்கப் போகிறார்களாம். "நீதான் கட்டுரை எல்லாம் எழுதுவியே, எதை முதல்ல மாத்தணும்னு சொல்லு" என்றார்கள். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. வரலாறு கொஞ்சம் தெரியும். அதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். ரேஸ் நடக்கும் இடத்தில் வண்டிகளைச் சரிபார்க்கும் பகுதிக்கு 'பிட்' என்று பெயர். அங்கே வீரர்களும் மெக்கானிக்குகளும் போய்வர, சாமான் தூக்கிவர வைத்திருந்த குட்டி வண்டிதான் பிட் பைக். இந்தக் குட்டி வண்டிகளில் பேர்போனது ஹோண்டாவின் 'மங்கி'. 1961ல் டோக்கியோ பக்கத்தில் டாமா டெக் என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்காகச் செய்த 49 சிசி வண்டியில் அதன் கதை தொடங்குகிறது. சக்கரம் வெறும் 5 அங்குலம்!

அதன் வழிவந்த வண்டிகள் அமெரிக்க ரேஸ் மைதானங்களில் எடுபிடி வேலைக்குப் போயின. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் பெரியவர்களே அவற்றை வைத்துப் பந்தயம் ஓட்டினார்கள். சிறுவனுக்குச் செய்த வண்டியில் 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஸ்பிரிங் அமுங்கிவிடும், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். அதனால் கெட்டியான ஸ்பிரிங், உயரமான ஹேண்டில்பார், பலப்படுத்திய சேஸிஸ் எல்லாம் வந்தன. 50 சிசியை 88 சிசி ஆக்கும் சிலிண்டர் செட்டும் கடைக்கு வந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அதே 1961ல்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் இந்தக் கரையின் பிழைப்பு மீன், உப்பு, துறைமுகம் என்றானது. பிடித்த மீன் கெடுவதற்குள் உள்ளூர்க் கிராமங்களுக்குப் போயாக வேண்டும். தலைச்சுமையாக எவ்வளவு தூரம் நடப்பது?

1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் அதுதான். கியர் மாற்ற வேண்டாம், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினால் போதும். பெடலை மிதித்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். இரண்டு பேருக்கென்று செய்த வண்டியில் நம்மவர்கள் ஒரு ஆளையும் ஒரு ஐஸ் பெட்டியையும் ஏற்றினார்கள். கலிபோர்னியாக்காரர்கள் விளையாட்டுக்குச் செய்ததை இவர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தார்கள்.

என் மாமா மீன் வியாபாரி. அவருடைய பழைய மொபெட்டில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரும்புக் கம்பியில் கேரியர் வெல்டிங் செய்திருந்தார். பின்னால் கெட்டி ஸ்பிரிங். பின் பல்சக்கரத்தில் பல் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தார். அப்படிச் செய்தால் வேகம் குறையும், இழுவை கூடும். உப்புக் காற்றில் துரு ஏறாமல் இருக்க, பழைய ஆயிலைத் துணியில் நனைத்துச் சேஸிஸ் முழுக்கத் தடவுவார். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பத்துப் பேர் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அப்படி ஒரு வண்டி!

ஆனால் பிரேக்கை மட்டும் அவர் தொடவே இல்லை. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தினமும் பெட்டியிலிருந்து சொட்டிச் சொட்டிப் பின் டிரம்மிலும் பிரேக் கம்பியிலும் இறங்கியிருக்கிறது. ஒருநாள் காலை ஓட்டப்பிடாரம் போகும் வழியில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. மாமா பிரேக்கைப் பிடித்தார், வண்டி நிற்கவில்லை. முழுச் சுமையோடு பள்ளத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வியாபாரம் இல்லை. அந்த மூன்று மாதமும் அத்தை தெருத்தெருவாக நடந்து மீன் விற்றுத்தான் வீடு ஓடியது.

எழுந்து வந்ததும் அவர் செய்த முதல் மாற்றம் என்ன தெரியுமா? பெட்டியின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு முழ ரப்பர் குழாய். தண்ணீர் இப்போது சக்கரத்தில் படாமல் ரோட்டில் போய் விழுகிறது. செலவு சில ரூபாய்தான். "ஏலே, வண்டி ஓடுறத எல்லாரும் பாப்பான். அது நிக்குறத நீ பாத்துக்கணும்ல" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றி வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விளக்கும் பதிவு எண்ணும் இல்லாத பிட் பைக் தனியார் மைதானத்துக்குத்தான். பீச் ரோட்டுக்கு இல்லை.

மீன்காரர்கள் பலர் இப்போது 2015ல் வந்த நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100க்கு மாறிவிட்டார்கள். மாமாவும்தான். குழாயை மட்டும் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதிய பெட்டியில் மாட்டிக்கொண்டார்.

ஆகவே நண்பர்களே, சிலிண்டர், சைலன்சர் எல்லாம் அப்புறம். கையில் இருக்கும் காசில் முதலில் பிரேக் ஷூ, கேபிள், டயர், செயின். அதற்குப் பிறகு ஸ்பிரிங். மாமா ஒருமுறை வந்து பிரேக்கைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகு பெடலை மிதிப்போம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டீ செலவு உங்களுடையது :)