ப்ளூ ஜாகர் எந்த ஊரு?

இந்த எபிசோட் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு நகைக்கடைக்குப் போய் வைரத்தோடு கேட்டுப் பாருங்க. தட்டு மேசைக்கு வருவதற்கு முன்னாடியே இரண்டு சொல் வந்துவிடும். "இது ப்ளூ ஜாகர்ங்க. பெல்ஜியம் கட்டிங்." கூட வந்த பெரியம்மா, "ப்ளூ ஜாகரா, அப்ப நல்ல கல்லுதான்" என்று தலையாட்டுவார். நான் திண்டிவனத்துக்காரன். எங்க வீட்டுக் கல்யாணப் பேச்சுகளில் இந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவன். ஆனால் ஜாகர் என்பது ஒரு ஆளா, கம்பெனியா, ஊரா என்று யாரும் சொன்னதில்லை.

ஊருதான். அங்கே போவதற்கு முன்னாடி, வைரம் நல்லதா கெட்டதா என்று நம்ம ஆட்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பார்த்துவிடலாம்.

சிலப்பதிகாரத்தில் மதுரையின் ரத்தினக் கடைத்தெரு ஒன்று வருகிறது. அங்கே வைரத்துக்கு நான்கு குற்றங்கள் சொல்லப்படுகின்றன. காக்கையின் கால் மாதிரி கீறல் இருந்தால் காகபாதம். புள்ளி இருந்தால் விந்து. கோடு ஓடினால் ஏகை. மங்கலாகக் கறை தெரிந்தால் களங்கம். இன்றைக்கு லேப் சர்டிபிகேட்டில் 'கிளாரிட்டி' என்று ஒரு வரி இருக்கும், இல்லையா? கிட்டத்தட்ட இதே விஷயம்தான். நம்ம பாட்டிமார்கள் "கருப்புப் புள்ளி இருக்கான்னு பாரு" என்று சொல்வதும் இந்த மரபின் மிச்சம்தான்.

1720கள் வரைக்கும் உலகச் சந்தைக்கு வந்த வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் போன்ற சுரங்கங்கள். அங்கே தோண்டிய கல்லில் ஒரு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியது. அந்தக் காலத்து மெட்ராஸ் கவர்னர்கள் கம்பெனி சம்பளத்தை நம்பி இருக்கவில்லை, சொந்த வியாபாரமும் பார்த்தார்கள். 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவரும் வைர வியாபாரிதான். ஆமாம், யேல் யுனிவர்சிட்டி பெயருக்குச் சொந்தக்காரர்.

அவருக்குச் சில வருடம் கழித்து வந்த கவர்னர் தாமஸ் பிட். 1702இல் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் பட்டை தீட்டாத கல் ஒன்றை வாங்கினார். ஜாம்சந்த் முதலில் கேட்டது 2 லட்சம் பகோடா. பேரம் படிந்தது 48,000 பகோடாவுக்கு! அந்தக் கல் 1717இல் பிரான்சு அரசுக்காக 1,35,000 பவுண்டுக்கு விற்கப்பட்டது. இன்றைக்கு லூவர் மியூசியத்தில் இருக்கிற 'ரீஜன்ட்' வைரம் அதுதான்.

விலை நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது எப்படி? தங்கத்துக்கு உரைகல் இருந்தது. வைரத்துக்கு இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற அளவுகோல் எதுவும் கிடையாது. எடையைத் தவிர மற்றதெல்லாம் விற்கிறவர் வாய், வாங்குகிறவர் கண். அனுபவம் யாருக்கு அதிகமோ அவர் பக்கம் தராசு சாயும்.

இப்போ 'ப்ளூ' கதைக்கு வரலாம். 17ஆம் நூற்றாண்டில் பலமுறை இந்தியா வந்த பிரெஞ்சு வியாபாரி தவர்னியே, கொல்லூர் சுரங்கத்தையே நேரில் பார்த்தவர். இந்திய வியாபாரிகள் கல்லை ராத்திரியில், சுவர் மாடத்தில் வைத்த விளக்கு வெளிச்சத்தில் சோதிப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். நீலச் சாயல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, கல்லை அடர்ந்த மரநிழலுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அந்தப் பச்சை நிழலில் நீலம் காட்டிக்கொடுத்துவிடும். எதற்காக இவ்வளவு பாடு? நீலச் சாயல் இருந்தால் அதுதான் இருப்பதிலேயே மட்டமான கல்! அன்றைக்கு ஒதுக்க வேண்டிய குறை. இன்றைக்கு நம்ம ஊர்க் கடையில் விற்பனைக்குச் சொல்லும் பெருமை. நடுவில் என்ன ஆச்சு?

நடுவில் தென்னாப்பிரிக்கா வந்தது. 1870இல் அங்கே ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்ற பண்ணையில் வைரம் கிடைத்தது. 'ஜாகரின் ஊற்று' என்று அர்த்தம். 1893இல் அதே சுரங்கத்தில் 995 காரட் எடையுள்ள 'எக்செல்சியர்' கல் கிடைத்தபோது, அதுவரை உலகம் பார்த்ததிலேயே பெரிய வைரம் அதுதான். இந்தச் சுரங்கத்துக் கற்களில் சில, வெயிலில் லேசாக நீலம் அடிக்கும். நிறமே இல்லாத கல், மேலே ஒரு நீலச் சாயல். வியாபாரிகள் அதற்கு வைத்த பெயர் 'ஜாகர்'.

அந்தக் காலத்து நிற வரிசை முழுக்கவே இப்படித்தான். ஜாகர், ரிவர், வெசல்டன், கேப். சுரங்கத்தின் பெயர், கிடைத்த இடத்தின் பெயர். வைரம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, இறக்குமதி செய்கிற நாடாக மாறியபோது கல்லோடு சேர்ந்து சொல்லும் வந்தது. கல் வேறு வேறு சுரங்கத்திலிருந்து வர ஆரம்பித்த பிறகும் சொல் நம்மிடமே தங்கிவிட்டது. ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தை 1971இல் மூடிவிட்டார்கள். 2022 செப்டம்பரில் அங்கே சுரங்கக் கழிவைத் தேக்கி வைத்திருந்த அணை உடைந்து, சேறு வீடுகளை அடித்துக்கொண்டு போனது. நம்ம காதில் தொங்குகிற பெயருக்குச் சொந்தக்கார ஊரின் இன்றைய நிலை இது.

'பெல்ஜியம் கட்டிங்' கதையும் இதே மாதிரிதான். பெல்ஜியத்தில் வைரச் சுரங்கமே கிடையாது. ஆன்ட்வெர்ப் நகரம் பட்டை தீட்டுவதற்குப் பேர்போனது. அங்கே பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல், எந்தக் கோணத்தில் பட்டை தீட்டினால் ஒளி அதிகமாகத் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் இன்றைக்கு உலகத்து வைரங்களில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது நம்ம சூரத்தில்.

சரி, அந்த நீலம் என்ன? வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். ஃப்ளோரசன்ஸ் என்பார்கள். கல்லில் லேசான மஞ்சள் இருந்தால் இந்த நீலம் அதை அமுக்கி, வெள்ளையாகக் காட்டும். ரொம்ப அதிகமானால் சில கல் பால் கலந்த மாதிரி மங்கலாகத் தெரியும். ஆக, ஃப்ளோரசன்ஸ் ஒரு குணம். அதை மட்டும் வைத்து உயர்ந்த தரம் என்று விலை ஏற்ற முடியாது.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் 1950களில் அமெரிக்காவின் ஜிஐஏ ஒரு வரிசை கொண்டுவந்தது. நிறமில்லாத கல் 'டி'. மஞ்சள் கூடக்கூட 'இசட்' வரைக்கும் இறங்கும். ஏன் 'ஏ'யில் ஆரம்பிக்கவில்லை? ஏ, பி, சி எழுத்துகளைக் கடைக்காரர்கள் ஏற்கெனவே இஷ்டத்துக்குப் பயன்படுத்திக் குழப்பி வைத்திருந்தார்கள். தெளிவுக்கு விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ என்று தனி வரிசை. ஜாம்சந்துக்கும் பிட்டுக்கும் நடுவில் இல்லாமல் போன அளவுகோல் இதுதான்.

அதனால் கடையில் "ப்ளூ ஜாகர்" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். "சரிங்க, கலர் கிரேடு எந்த எழுத்து? கிளாரிட்டி என்ன? ஃப்ளோரசன்ஸ் என்ன போட்டிருக்கு? இயற்கைக் கல்லா, லேபில் வளர்த்ததா? சர்டிபிகேட் எந்த லேப்?" என்று கேளுங்க. பதில் பில்லிலும் ஏறணும். தங்கத்துக்குக் கட்டாய ஹால்மார்க் இருக்கு. அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான், பதித்த கல்லுக்குப் பேசாது.

எடையிலும் ஒரு விஷயம். நம்ம ஊரில் சென்ட் என்றால் மனை. வைரக்கடையில் 100 சென்ட் ஒரு காரட், அதாவது 0.2 கிராம். ஏழு கல் தோடு ஜோடிக்கு 14 கல். மொத்தம் 1 காரட் என்றால் ஒரு கல் சுமார் 7 சென்ட்தான். ஒரே கல்லாக 1 காரட் இருந்தால் வர்ற விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது. பின்பக்கம் மூடிய கட்டாக இருந்தால் கல்லின் உள்ளே பார்ப்பது கஷ்டம். பதிக்கிறதுக்கு முன்னாடியே லென்ஸில் காட்டச் சொல்லுங்க. வெளி வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்க. கடை விளக்கு எல்லாக் கல்லையும் மின்னவைக்கும்.

ஒரு குடும்பம் பல வருஷம் சேர்த்த பணம் ஒரு சாயங்காலத்தில் கைமாறுகிற இடம் அது. அங்கே நம்மிடம் இருக்க வேண்டியது ஜாம்சந்தின் பேரத் திறமை இல்லை, நாலு கேள்விதான்.