சின்சே (பினாங்கு)

பினாங்குத் தமிழர் சீன மருத்துவரைச் 'சின்சே' என்றே அழைப்பார்கள். நாடி பார்ப்பது, மூலிகை எழுதித் தருவது, தேவையானால் ஊசி குத்துவது இவர் தொழில்.

19ஆம் நூற்றாண்டில் புக்கியான், குவாங்துங் மாகாணங்களிலிருந்து பினாங்கின் ஜார்ஜ் டவுனில் குடியேறிய சீனர்களுக்கு மருந்துக்கடையே மருத்துவமனை. சின்சேயின் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்தவரிடமிருந்து சீடனுக்கும் கைமாறியது. வேர் நறுக்கவும், வெள்ளிக்கோலில் சரக்கு நிறுக்கவும், இழுப்பறை எதில் எது என்று மனப்பாடமாக அறியவும் பழகிய பிறகே நோயாளியின் கையைப் பிடிக்க முடியும். காசில்லாத நோயாளிகளுக்காகத் தர்ம வைத்தியசாலைகள் எழுந்தன: சிங்கப்பூரில் தோங் சாய் (1867), பினாங்கில் லாம் வா ஈ (1883). முந்த்ரி தெருவில் இயங்கிய லாம் வா ஈ, ஏழைகளுக்கு இலவசமாகச் சீன வைத்தியம் பார்த்தது.

அக்காலச் சின்சேயின் வைத்தியத்துக்கு முதுகெலும்பு மூலிகையே, ஊசி அல்ல. 1822இல் சீனப் பேரரசின் மருத்துவக் கழகமே குத்தூசிப் பாடத்தை நீக்கிவிட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் செங் டான்-ஆன் (1899–1957) போன்றோர் நூலும் பள்ளியும் கண்டு அதற்கு மறுவாழ்வு கொடுத்தனர். 1970களில் உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது.

சின்சே நோயறியும் வழிகள் நான்கு: பார்த்தல், கேட்டலும் முகர்தலும், விசாரித்தல், தொட்டறிதல். நாக்கின் நிறத்தையும் மேல்படிவையும் உற்றுப் பார்ப்பார். பிறகு மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, மெல்லவும் அழுத்தியும் நாடி பார்ப்பார். வாத, பித்த, கபத்தை மூன்று விரல்களால் பிரித்தறியும் சித்த வைத்தியருக்கு இந்தக் கை அந்நியமானதல்ல. ஆனால் சின்சே தேடுவது உள்ளுறுப்புகளின் நிலையை. இரண்டு மணிக்கட்டையும் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டார். சிகிச்சைக்குக் குத்தும் ஊசி முடியைப்போல் மெல்லியது. முழங்கால் சில்லுக்கு நான்கு விரற்கடை கீழே, வெளிப்புறமாக உள்ள 'ஸூசான்லி' வயிற்றுக் கோளாறுகளுக்குப் பெயர்பெற்ற புள்ளி. ஊசி இறங்கியதும் அங்கே கனமாகவோ மரத்தாற்போலவோ தோன்றினால்தான் சரியாகப் பட்டது என்பது மரபு. கர்ப்பிணிகளுக்குச் சில புள்ளிகளைத் தொடவே மாட்டார்கள்.

லாம் வா ஈ இன்று நவீன மருத்துவமனை. 2007 முதல் கெப்பாளா பத்தாஸ் அரசு மருத்துவமனையிலும் குத்தூசிச் சிகிச்சை உண்டு. மலேசியாவின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் சின்சேக்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.