பரண் தொட்டியும் ஷவர் பம்பும்

இங்கிலாந்தின் பழைய வீடொன்றில் விருந்தாளியாய்த் தங்கி, ஷவரின் குழாயை முழுவதும் திருகிய பிறகும் தலைமேல் நூலிழையாய் வழியும் நீரைக் கண்டு, நீராவி இயந்திரத்தால் உலகத்தையே ஆட்டிவைத்த தேசத்தாருக்கு ஒரு ஸ்நானத்துக்குரிய ஜலத்தை வேகமாய் விழச் செய்யத் தெரியவில்லையா என்று வியந்த அயல்நாட்டார் அநேகர். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை; செய்யவொட்டாமல் தடுத்தது ஒரு பழைய வழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் நகரத்துக்கு நீர் வழங்கியவை எட்டுத் தனியார் கம்பெனிகள். இவற்றுள் மூத்ததான நியூ ரிவர் கம்பெனியின் கால்வாய் 1613இலேயே திறக்கப்பட்டது. இந்தக் கம்பெனிகள் நாள் முழுவதும் நீர் விட்டதில்லை. குறித்த வேளையில் கம்பெனியின் ஆள் பெரிய சாவியோடு தெருவுக்கு வந்து வால்வைத் திறப்பான். சிறிது நேரத்தில் மூடிவிட்டுப் போய்விடுவான். அந்த அவகாசத்துக்குள் பிடித்து வைத்ததே அடுத்த முறை வரையில் பிழைப்பு. ஆகையால் செல்வர் வீட்டில் ஈயத்தகடு பதித்த தொட்டியும், ஏழைகள் குடியிருந்த முற்றத்தில் மரப்பீப்பாயும் அத்தியாவசியமாயின. நாள் முழுவதும் நீர் தரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை 1871ஆம் ஆண்டுச் சட்டம் கொணர்ந்தும் காரியம் மெல்லவே நடந்தது. 1902இன் சட்டத்தினால் அமைந்த பெருநகர நீர் வாரியம் இரண்டாண்டுகளுக்குப் பின் கம்பெனிகளின் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

நீர் ஓயாது வரத் தொடங்கிய பின்னரும் தொட்டி போகவில்லை. வீட்டுக் கூரையின்கீழ்ப் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெந்நீர்க் கலத்தைத் தெருக்குழாயோடு நேரே இணைக்கலாகாது என்பது அக்காலத்தில் நீர் வழங்குவோர் விதி. தெருவில் அழுத்தம் குறைந்தால் வீட்டு நீர் பின்வாங்கி ஊர்க்குழாயில் கலந்துவிடுமோ என்பது ஒரு பயம். சூடேறி விரியும் நீர் போக்கிடமின்றிக் கலத்தை வெடிக்கச் செய்யுமோ என்பது மற்றொன்று. இரண்டும் வீண் பயம் அல்ல. ஆதலின் பரண் தொட்டியிலிருந்து நீர் தன் பாரத்தினாலேயே இறங்கிச் செப்புச் சிலிண்டரில் காய்ந்து, விரிவதற்கு இடமாகச் சிலிண்டரின் உச்சியிலிருந்து கிளம்பும் காற்றுக்குழாய் தொட்டியின் மேலே வளைந்து வாய் திறந்து நிற்கும் ஏற்பாடு தேசமெங்கும் நிலைத்தது.

குளியல் தொட்டிக்குள் அமிழ்ந்து குளிப்பவர்களுக்கு இதனால் குறையொன்றுமில்லை. பருத்த குழாயில் நீர் தாராளமாக விழும். தலைமேல் தூவிக் குளிப்பது அவர்களுக்கு நெடுங்காலம் ஒரு விநோதமே. 1767இல் வில்லியம் ஃபீதம் என்னும் லண்டன் அடுப்பு வியாபாரி, நீரைக் கைப்பம்பினால் தலைக்கு மேலுள்ள பாத்திரத்துக்கு ஏற்றிச் சங்கிலியை இழுத்துக் கொட்டச் செய்யும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். குளித்த அதே அழுக்குநீர் மறுபடி தலையில் இறங்கும் அக்கருவி பிரபலமாகாததில் வியப்பென்ன?

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷவரின் மோகம் பரவியபோதுதான் பரண் தொட்டியின் பலவீனம் வெளிப்பட்டது. ஒரு மீட்டர் உயரத்து நீர் தரும் அழுத்தம், ‘பார்’ என்னும் அழுத்த அலகில் பத்தில் ஒரு பங்கே. மாடியறையில் ஷவரின் தலை தொட்டிக்கு ஒரு மீட்டருக்குள்ளேயே அமைந்துவிட்டால் கிடைப்பது அவ்வளவுதான். ஒன்றரை முதல் மூன்று பார் வரை தரவல்ல சிறு மின்பம்பைத் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையில் வைப்பதே பரிகாரமாயிற்று. 1906இல் தொடங்கி, நீராவி இயந்திரங்களின் சிறு மாதிரிகளைச் செய்து பெயர்பெற்ற ஹென்லி நகரத்து ஸ்டூவர்ட் டர்னர் நிறுவனமே பிற்காலத்தில் இந்தப் பம்புகளுக்குப் புகழ்பெற்றது ஒரு சுவையான விஷயம்.

பம்பை வைப்பதிலும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். சிலிண்டரின் உச்சிக் குழாயிலேயே அதை மாட்டினால், அது திறந்த காற்றுக்குழாய் வழியே காற்றை உறிஞ்சி இரைச்சலிட்டுக் கெட்டுப்போகும். ஆகவே சிலிண்டரின் உச்சி வாயில் திருகி, உள்ளே தொங்கும் குழாயால் காற்றுக் கலவாத நீரை எடுக்கும் இணைப்பைக் கையாளுகிறார்கள். அதற்கு ஸர்ரே ஃபிளாஞ்ச் என்று பெயர். பக்கத்தில் துளையிட்டு வைப்பது எஸ்ஸெக்ஸ் ஃபிளாஞ்ச். ஷவருக்குரிய குளிர்நீர்க் குழாயைத் தொட்டியில், சிலிண்டருக்குச் செல்லும் குழாயைவிடச் சற்றுத் தாழ்வாக எடுப்பார்கள்; தொட்டி வறண்டால் முதலில் நிற்பது வெந்நீராக இருக்கவேண்டும், இல்லையேல் குளிப்பவர் உடல் வெந்துவிடும். இந்த அங்குல வித்தியாசத்தை அலட்சியம் செய்கிற பிளம்பரை நான் பிளம்பர் என்று ஒப்பமாட்டேன்.

தக்க பாதுகாப்பு வால்வுகளோடு வெந்நீர்ச் சிலிண்டரைத் தெருக்குழாயின் அழுத்தத்திலேயே இயக்கலாம் என்ற அனுமதி 1986ஆம் ஆண்டின் மாதிரி நீர் விதிகளோடுதான் வந்தது. அதன்பின் எழுந்த வீடுகள் பலவற்றில் பரண் காலியாகவே இருக்கிறது. பழைய வீட்டுக்காரரோ, தொட்டியையும் சிலிண்டரையும் பிடுங்கி எறிவதைவிடப் பம்பொன்று வாங்குவது மலிவென்று கணக்கிட்டு, இன்றைக்கும் பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொள்கிறார்.