தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்: பரிசோதனையும் இயன்முறைச் சிகிச்சையும்

காறையெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய வழியில், கைக்குப் போகும் நரம்புப் பின்னலோ இரத்தக் குழாய்களோ நெரிபடுவதால் வரும் கோளாறு தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். சற்று மேலே ஸ்கேலீன் என்னும் கழுத்துத் தசைகளின் இடுக்கிலும், சற்றுக் கீழே சிறிய மார்புத் தசைக்கு அடியிலும் இதே நெருக்கம் நேரலாம். கையை உயர்த்தி வேலை செய்தால் மரத்துப்போதல், சுண்டுவிரல் பக்கம் குறுகுறுப்பு, பிடி தளர்தல் ஆகியவை வழக்கமான அறிகுறிகள். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நரம்பு வகையினர். உடற்கூற்றியலார் இதே இடத்தை மார்பின் நுழைவாயில் என்பர். மருத்துவருக்கு மட்டும் அது வெளிவாயில். தகராறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் பழி சுமந்தது எலும்பு. சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருக்கும். 1861-இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஹோம்ஸ் கூட் அதை வெட்டி எடுத்தார். 1910-இல் ஆஸ்திரேலியாவின் தாமஸ் மர்ஃபி, கூடுதல் எலும்பு இல்லாத ஒருவருக்கு இயல்பான முதல் விலாவையே அகற்றினார். 1927-இல் மேயோ கிளினிக்கின் ஆல்ஃபிரெட் ஆட்சன் பழியைத் தசைமேல் திருப்பினார்; ஸ்கேலீன் தசையை அறுத்தாலே போதும் என்றார். தலையைத் திருப்பி, மூச்சை ஆழ இழுத்து நிறுத்தி, மணிக்கட்டில் நாடி மங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அவர் பெயரால் நிலைத்தது. தோளைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுக்கும் சோதனை 1943-இலும், கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் ரைட் சோதனை 1945-இலும் வந்தன.

இவை எல்லாம் தேடியது நாடியை. நெரிபடுவதோ பெரும்பாலும் நரம்பு. நலமாக இருப்பவர் பலருக்கும் இந்த நிலைகளில் நாடி மங்கும் என்று பின்னர் தெரியவந்தபோது சோதனைகளின் மதிப்பு சரிந்தது. இன்று நாடி மங்குவதைவிட, நோயாளி சொல்லும் அதே மரமரப்பு அந்த நிலையில் திரும்ப வருகிறதா என்பதற்கே எடை அதிகம். டென்வர் அறுவை மருத்துவர் டேவிட் ரூஸின் சோதனை இதற்கு உதவுகிறது: கைகளை உயர்த்தி, மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்க வேண்டும். பெர்த் நகர இயன்முறை மருத்துவர் ராபர்ட் எல்வி, நரம்பையே மெல்ல இழுத்துப் பார்க்கும் முறையை வகுத்தார். கழுத்து வட்டுக் கோளாறு, மணிக்கட்டு நரம்பு நெரிவு ஆகியவற்றை விலக்காமல் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்தான் என்ற முடிவுக்கு வரக்கூடாது.

'தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்' என்ற பெயரைப் பரப்பியது அறுவை பற்றிய கட்டுரை அன்று. 1956-இல் மேயோ கிளினிக்கில் பீட்டும் உடன் பணியாற்றியோரும் ஒரு உடற்பயிற்சித் திட்டத்தை மதிப்பிட்டு எழுதியது. தோளைத் தூக்கும் தசைகளை வலுப்படுத்துவதும் இறுகிய மார்புத் தசைகளை நீட்டுவதும் அதன் உள்ளடக்கம். ஆனால் 1966-இல் ரூஸ் அக்குள் வழியே முதல் விலாவை அகற்றும் முறையை வெளியிட்டதும் பேச்சு மீண்டும் கத்திப் பக்கம் போனது. பயிற்சிக்கு ஆதரவான சான்று 1997-இல் பின்லாந்திலிருந்து வந்தது. அங்கே லிண்ட்கிரென் என்பவர் பயிற்சி பெற்ற 119 நோயாளிகளை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தார். 88 விழுக்காட்டினர் பலனில் நிறைவு தெரிவித்தனர். ஒப்பிட வேறு குழு இல்லை என்பது அதன் குறை. 2010-ஐ ஒட்டி ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர்கள் வெறும் வலுவேற்றலை விட்டு, தொய்ந்த தோள்பட்டை எலும்பை முதலில் சரியான இடத்தில் நிறுத்தி, பிறகே சுமை கூட்டும் முறையை முன்வைத்தனர். வலியோடு எடை தூக்கவைப்பது பலருக்குத் தொல்லையைக் கூட்டவே செய்யும்.

தொழில்வழிச் சிகிச்சையாளரின் கேள்வி வேறு: நாள் முழுதும் இந்தக் கை என்ன செய்கிறது? முடிதிருத்துபவர், சுவருக்கு வண்ணம் பூசுபவர், வயலின் கலைஞர் ஆகியோருக்குப் பயிற்சி அரைமணி, வேலை எட்டு மணி. இருக்கை உயரம், முழங்கைக்குத் தாங்கல், தோளில் தொங்கும் பையின் சுமை, கையைத் தலைக்கு மேல் வைத்துத் தூங்கும் பழக்கம் என அனைத்தையும் அவர் மாற்றிப் பார்ப்பார்.

இரத்தக் குழாய் நெரிபடும் வகைக்கு இந்தப் பயிற்சிவழி பொருந்தாது. கை திடீரென வீங்கி நீலம் பாரித்தாலோ, வெளிறிக் குளிர்ந்தாலோ, பயிற்சியைத் தள்ளிவைத்து அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.