ஒரே நேரத்தில் ஜெர்மன், ஜப்பானீஸ் ரெண்டையும் கத்துக்க முடியுமா? தொடங்கும் முன் இதைப் படிங்க!

மொபைலில் ஒரு ஆப், யூடியூபில் ரெண்டு சேனல், கையில் ஒரு நோட்டு. கிளாஸுக்குப் போகாமலே ரெண்டு மூணு வெளிநாட்டு மொழிகளை ஒண்ணா படிக்க ஆரம்பிப்பவர்கள் பலர். சிலருக்கு ஆர்வம், சிலருக்கு வெளிநாட்டு வேலை. ஆனால் சில மாதங்களில் எல்லாம் குழம்பிப்போய் பாதியில் விட்டுவிடுபவர்களும் உண்டு.

அப்போ, ஒரே நேரத்தில் பல மொழிகள் சாத்தியமா? சாத்தியம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கக் கூடாது. ஏன்னு பார்க்கலாம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழிப் பயிற்சி கொடுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஒருவர் வேலைக்குப் போதுமான அளவு ஜெர்மன் கற்க சுமார் 900 மணி நேர வகுப்பு தேவை. ஜப்பானீஸுக்கு 2,200 மணி நேரம்.

தினமும் 1 மணி நேரம் ஒதுக்கினால் வருஷத்துக்கு 365 மணி நேரம். அதையே 3 மொழிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 120 மணி நேரம்தான். வருஷம் முழுக்க படிச்சும் மூன்றிலும் ஆரம்ப நிலையிலேயே நிற்பது இதனால்தான்.

தமிழ் தெரிஞ்சா ஜப்பானீஸ் ஈஸியா?

வாக்கிய அமைப்பில் ஓரளவு ஈஸி. "நான் சோறு சாப்பிடுகிறேன்" என்பது ஜப்பானீஸில் "வாதாஷி வா கோஹான் ஓ தாபேமாஸு". தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு போன்ற "ஓ", பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும். சிக்கல் எழுத்தில்தான். அன்றாடப் பயன்பாட்டுக்கு என ஜப்பான் அரசு பட்டியலிட்டுள்ள கான்ஜி எழுத்துகள் மட்டுமே 2,136.

எந்த ஜோடியைத் தவிர்க்கணும்?

நெருங்கிய உறவுள்ள மொழிகளை ஒன்றாகத் தொடங்கினால் குழப்பம் அதிகம். உதாரணமாக "புர்ரோ" என்றால் ஸ்பானிஷில் கழுதை, இத்தாலியனில் வெண்ணெய்! ஜெர்மன், ஜப்பானீஸ் போல தூரத்து மொழிகள் என்றால் இந்தக் குழப்பம் குறைவு.

எப்படித் திட்டமிடுவது?

* முதல் மொழியில் சாதாரண உரையாடல் வரும் வரை ரெண்டாவதைத் தொடாதீங்க. பி1 நிலை ஒரு நல்ல எல்லைக்கோடு.
* ரெண்டாவதைத் தொடங்கிய பிறகு நேரத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டாம். ஒன்றுக்கு முக்கால் பங்கு, மற்றதுக்குக் கால் பங்கு போதும்.
* ஒரு மொழி காலையில், இன்னொன்று இரவில் என நேரத்தைப் பிரியுங்க. நோட்டும் தனித்தனியா இருக்கட்டும்.
* படித்த சொற்களை மறுநாள், 3 நாள், ஒரு வாரம் என இடைவெளி விட்டுத் திருப்பிப் பாருங்க. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்து எழுதியிருக்கிறார். ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கும் "ஆங்கி" ஆப் இந்த இடைவெளியைத் தானே கணக்கிட்டுக் கொடுக்கும்.
* தினமும் 10 நிமிஷம் வாய்விட்டுப் பேசுங்க. ஆப்பில் பட்டனை அழுத்தினால் மட்டும் பேச்சு வராது.

வேலைக்காகப் படிக்கிறீங்களா?

அப்படின்னா ஒரே மொழியில் கவனம் வைப்பதுதான் பாதுகாப்பு. ஜெர்மனியில் நர்ஸாக முழு அங்கீகாரம் பெற பெரும்பாலும் பி2 நிலை கேட்கப்படுகிறது. ஜப்பானின் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு, ஜே.எல்.பி.டி. தேர்வில் என்4 அல்லது அதற்கு இணையான தேர்வில் தேர்ச்சி தேவை. ரெண்டு மொழியிலும் ஏ1 சான்றிதழ் வைத்திருப்பவருக்கு இந்த ரெண்டு கதவும் திறக்காது.

இன்னொரு விஷயம்: ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே கிடையாது. அதனால் பாஸ் பண்ணிய பிறகும் இன்டர்வியூவில் திணற வாய்ப்புண்டு. பேச்சுப் பயிற்சியை நீங்களேதான் சேர்த்துக்கணும்.

மொத்தத்தில், ஆர்வத்துக்காக என்றால் ரெண்டு மொழி ஓகே. விசா, வேலை என்று தேதி குறித்துவிட்டால், முதலில் ஒன்றை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க.